நாய் ஃபாலோ செய்ததா, சேஸ் செய்ததா? கேள்வி பதில்

கேள்வி: சார், ‘நாய் என்னைத் துரத்தியது’ என்பதற்கு ‘தி டாக் ஃபாலோடு மீ’ என்று எழுதினேன். படித்தவர் சிரித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு உங்கள் பின்னாலேயே நடந்து வருகிற மாதிரிதான் தோன்றும். ‘ஃபாலோ’வில் வேகமும் கிடையாது, பகையும் கிடையாது. கடிக்க ஓடி வந்தது என்றால் ‘சேஸ்’தான். ‘சேஸ்’, ‘கேட்ச்’ இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. பிடிக்கிற எண்ணம் அந்தச் சொல்லோடு பிறந்தது.

எந்தச் சொல்லைப் போடுவது என்று குழம்பும்போது நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். பின்னால் வருபவர் பிடித்தால் என்ன செய்வார்? முன்னால் போகிறவருக்கு அவர் வருவது தெரியுமா?

கேள்வி: காக்கையைத் துரத்தினேன் என்பதற்கும் ‘சேஸ்’ போடலாமா?

பதில்: ‘அவே’ சேர்த்துப் போடுங்கள். வெறும் ‘சேஸ்’ என்றால் காக்கையைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடினீர்கள் என்று ஆகிவிடும். ‘சேஸ் அவே’ என்றால்தான் விரட்டிவிட்டீர்கள். தமிழில் ‘துரத்து’ இரண்டு வேலையும் பார்க்கிறது. அதனால்தான் நமக்கு இந்த இடத்தில் சறுக்குகிறது.

கேள்வி: செய்திகளில் போலீஸ் ‘பர்ஸ்யூ’ செய்தது என்கிறார்கள். அதே ஆட்கள் பட்டப்படிப்பையும் ‘பர்ஸ்யூ’ செய்கிறார்கள். ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். ‘சேஸ்’ தெருவில் பேசுகிற சொல், ‘பர்ஸ்யூ’ அறிக்கையில் எழுதுகிற சொல். விடாமல் போய்க்கொண்டே இருப்பதுதான் அதன் உயிர். அதனால் திருடனுக்கும் பொருந்தும், படிப்புக்கும் பொருந்தும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் குடும்பம். ‘பின்தொடர்’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினையிலிருந்து ‘பர்ஸ்யூ’, குற்ற வழக்கு நடத்துவதைக் குறிக்கும் ‘பிராசிக்யூட்’, வழக்குப் போடுவதைக் குறிக்கும் ‘சூ’, வழக்கைக் குறிக்கும் ‘சூட்’, பெண் கேட்டு வருகிறவனைக் குறிக்கும் ‘சூட்டர்’ எல்லாம் கிளைத்தன. ஆக, ஒருவர் மேல் ‘சூ’ செய்வது என்றால் அடிப்படையில் அவர் பின்னாலேயே போவதுதான். நாமும் வழக்குத் ‘தொடர்கிறோம்’, இல்லையா? இரண்டு மொழிக்கும் ஒரே யோசனை.

அப்புறம், போலீஸ் துரத்தக் கிளம்பியது என்பதற்கு ‘கேவ் சேஸ்’ (gave chase) என்று ஒரு தொடர் உண்டு. நடுவில் ‘எ’ போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, துப்பறியும் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘வீ ஹேவ் எ டெயில்’ என்று வருகிறது. வாலா?

பதில்: நல்லவேளை, கேட்டீர்கள். அப்படியே எழுதினால் கதாநாயகனுக்கு வால் முளைத்துவிடும். ‘நம்மை யாரோ பின்தொடர்கிறார்கள்’ என்று எழுதுங்கள். ‘டெயில்’ வினையாகவும் வரும்: முன்னால் போகிறவருக்குத் தெரியாமல், பார்வை விடாமல் போவது. ‘ஷேடோ’வும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவர் கூடவே இருந்து வேலை பழகுவதற்கும் ‘ஷேடோ’ என்பார்கள்; அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

ஆளைக் காணாமல் தடயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ‘டிராக்’. எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்தால் ‘டிரேஸ்’.

கேள்வி: ‘உன் பழைய படங்களை எல்லாம் ஸ்டாக் (stalk) பண்ணிப் பார்த்தேன்’ என்று தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லலாமா?

பதில்: நெருங்கிய தோழியிடம் வேடிக்கையாகச் சொல்லலாம், நிறையப் பேர் சொல்கிறார்கள். அலுவலகத்தில் வேண்டாம். இரை அறியாமல் வேட்டைக்காரன் பதுங்கிப் பதுங்கி நெருங்குவதைச் சொல்ல வந்த சொல் அது. ஒருவரைத் தொடர்ந்து பயமுறுத்துகிற குற்றத்துக்கும் இதுதான் பெயர். கலிஃபோர்னியாவில் 1990-லேயே இதற்கென்று சட்டம் இயற்றினார்கள். முகம் தெரியாதவரிடம் சொன்னால் சிரிப்பு வராது.

கேள்வி: பணம் தராத வாடிக்கையாளருக்கு ‘ஐ ஆம் சேஸிங் யூ’ என்று மெயில் எழுதலாமா, மேடம்?

பதில்: நான் மேடம் இல்லை, பரவாயில்லை. அப்படி எழுதாதீர்கள், கழுத்தில் கை வைப்பது போல இருக்கும். அவருக்கு ‘ஐ ஆம் ஃபாலோயிங் அப் ஆன் மை லாஸ்ட் மெயில்’ என்று எழுதுங்கள். உங்கள் மேலாளரிடம் மட்டும் ‘ஐ வில் சேஸ் தெம் அப்’ என்று சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இது சர்வசாதாரணம். கடன் கொடுத்தவர்களும் நிருபர்களும் ஒருவரை நிம்மதியாக இருக்கவிடாமல் நச்சரித்தால் அது ‘ஹவுண்ட்’. வேட்டைநாயின் பெயரே வினையாகிவிட்டது.

கேள்வி: ‘வைல்டு கூஸ் சேஸ்’ என்றால் காட்டு வாத்தை வேட்டையாடுவதா?

பதில்: இல்லாத ஒன்றைத் தேடி வீணாக அலைவது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ இந்தத் தொடரைச் சொல்கிறான். அந்தக் காலத்தில் அது ஒரு குதிரைப் பந்தயத்தின் பெயர். முன்னால் போகிறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்றவர்களும் அதே வழியில் போக வேண்டும், வரிசையாகப் பறக்கும் பறவைகள் மாதிரி. வாத்து பிடிபடவில்லை என்ற கதை எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: ‘டூ யூ ஃபாலோ?’ என்று ஆசிரியர் கேட்டார். எழுந்து பின்னால் போக வேண்டுமா?

பதில்: உட்காருங்கள். புரிகிறதா என்று கேட்கிறார்.