வாஷிங்டனில் பாஸ் செய்தால் கலிஃபோர்னியாவில் சி.பி.ஏ. ஆக முடியாதா?

கேள்வி: கோவையில் பி.காம்., எம்.காம். முடித்தேன். திருமணத்துக்குப் பின் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவில் இருந்தோம். அந்த மாநிலத்தின் வழியாகவே சி.பி.ஏ. (அமெரிக்காவில் உரிமம் பெற்ற கணக்காளர்) தேர்வு எழுதி நான்கு தாளும் பாஸ். என் படிப்பு 150 செமஸ்டர் யூனிட்டுக்கு (கல்லூரிப் பாடங்களை அளக்கும் அளவு) சமம் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 மாதம் முழுநேர வேலையும் பார்த்தேன். உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தபோது கணவருக்கு சான்டா கிளாராவுக்கு மாற்றல். இங்கே விசாரித்தால் எதிக்ஸ் (தொழில் ஒழுக்கம்) யூனிட் இல்லை, அக்கவுண்டிங் யூனிட் போதாது என்கிறார்கள். திரும்பத் தேர்வு எழுத வேண்டுமா? அந்த 14 மாதம் வீண்தானா?

பதில்: தேர்வு எழுத வேண்டாம். 14 மாதமும் வீண் இல்லை. ஆனால் நீங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்குக் கலிஃபோர்னியா விண்ணப்பத்தைத் தொடமாட்டேன். முதலில் வாஷிங்டன் உரிமத்தை வாங்கிவிடுவேன்.

வீடு மாறியதும் அந்த மாநிலத்தின் கதவு மூடிவிட்டது என்று நம்மவர்கள் நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸை மாற்றிய பழக்கம். உரிமம் கொடுக்கும் வாஷிங்டன் மாநில அமைப்பான போர்டு, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. உங்கள் படிப்பை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இடமும் அதுதான். மிச்சமிருப்பது ஒரு வருடம், 2,000 மணி நேர அனுபவச் சான்றும், ஏ.ஐ.சி.பி.ஏ. என்ற அமெரிக்க சி.பி.ஏ.க்களின் சங்கம் நடத்தும் எதிக்ஸ் தேர்வும். எதிக்ஸ் தேர்வில் 90 மார்க் எடுக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் அனுபவச் சான்றில்தான். அதில் கையெழுத்துப் போடுபவர் சி.பி.ஏ.வாக இருக்க வேண்டும், அவரிடம் 5 ஆண்டாவது உரிமம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வேலை பார்த்தது ஆடிட் நிறுவனத்தில் அல்ல, ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். அங்கேயுள்ள கன்ட்ரோலர்கள், அதாவது கணக்குப் பிரிவின் தலைவர்கள், பலர் ஒரு காலத்தில் சி.பி.ஏ. ஆகி, கம்பெனி வேலைக்கு வந்ததும் உரிமத்தை ‘இன்ஆக்டிவ்’ (செயலில் இல்லாதது) ஆக்கியோ, புதுப்பிக்காமலோ விட்டிருப்பார்கள். லிங்க்ட்இன்னில் மட்டும் அந்த மூன்றெழுத்து பளிச்சென்று இருக்கும். ‘சி.பி.ஏ. வெரிஃபை’ என்ற தளம் இருக்கிறது, கட்டணம் இல்லை. உங்கள் மேலாளரின் பெயரைப் போட்டால் எந்த மாநிலம், உரிமம் நடப்பில் உள்ளதா என்று காட்டிவிடும். அவரிடம் கேட்பதற்கு முன் இதைப் பாருங்கள். கேட்ட பிறகு பார்த்தால் இருவருக்கும் சங்கடம்.

இன்னொன்று, அவர் இன்று அதே கம்பெனியில் இருக்கிறார். அடுத்த வருடம் இருப்பாரா என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான்கு தாளும் முடித்துவிட்டதால் உங்கள் மதிப்பெண் எங்கேயும் போகாது. கையெழுத்துப் போடக்கூடிய ஆள்தான் போய்விடுவார். முதலில் வாஷிங்டன் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இனி கலிஃபோர்னியா. சி.பி.ஏ. தேர்வு 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன் டி.சி., குவாம், போர்ட்டோ ரிக்கோ உள்ளிட்ட 4 ஆட்சிப் பகுதிகள், ஆக 55 இடங்களுக்கும் ஒரே தேர்வு. உரிமத்தை மட்டும் ஒவ்வொரு போர்டும் தன் சட்டப்படி கொடுக்கிறது. எல்லா இடத்திலும் ‘150 யூனிட்’ என்ற ஒரே எண்ணைச் சொல்வதால் விதியும் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது. கலிஃபோர்னியா அந்த 150-க்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பார்க்கிறது. 2025 நிலவரப்படி அக்கவுண்டிங் 24, வணிகம் சார்ந்த பாடங்கள் 24, அதற்கு மேல் ‘அக்கவுண்டிங் ஸ்டடி’ என்ற கூடுதல் படிப்பு 20, எதிக்ஸ் 10. ஆக 150-இல் 78 யூனிட்டுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மொத்தம் போதும், பெயர்தான் பொருந்தவில்லை.

எதிக்ஸ் 10 என்றதும் பத்தும் நீதி போதனை என்று எண்ணிவிடாதீர்கள். அதில் 3 யூனிட் கணக்காளரின் தொழில் ஒழுக்கம் பற்றிய பாடமாகவே இருக்க வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. மீதி 7-ஐ வணிகச் சட்டம், நிறுவன ஆளுகை, மனிதவள மேலாண்மை, நிறுவன நடத்தையியல் போன்ற பாடங்களால் நிரப்பலாம். உங்கள் பி.காம். மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். பிசினஸ் லா, கம்பெனி லா, எச்.ஆர். மேனேஜ்மென்ட் என்று ஏதாவது இருக்கும். அவை எதிக்ஸ் கணக்கில் வரக்கூடியவை. தாள் தாளாகப் பிரித்து மதிப்பிடும் அறிக்கை இல்லாவிட்டால் போர்டுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே கலிஃபோர்னியா போர்டு ஒப்புக்கொண்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம், இந்த மாநிலத்துக்காகவே புதிதாக அறிக்கை கேளுங்கள். 20 யூனிட் விஷயத்தில், அக்கவுண்டிங்கிலோ வரிவிதிப்பிலோ முதுகலை இருந்தால் அந்த இருபதும் ஒரே அடியில் நிறைந்துவிடும். எம்.காம். அந்த வகையில் சேருமா என்பது பட்டத்தின் பெயரையும் தாள்களையும் பொறுத்தது. தானாகச் சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

குறைவதைக் கம்யூனிட்டி காலேஜில் படித்து முடிக்கலாம். இந்த மாநிலத்தவருக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர்தான். ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்தால்தான் அந்தக் கட்டணம், அதற்கு முன் பல மடங்கு. நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள் என்றால் காத்திருப்பதே லாபம். உங்கள் பக்கத்தில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. சான்டா கிளாராவில் உள்ள மிஷன் காலேஜ் செமஸ்டர் முறை. கூப்பர்டினோவின் டி ஆன்ஸா காலேஜ் குவார்ட்டர் முறை, அதாவது பருவங்கள் இன்னும் குறுகியவை. குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே 4 யூனிட் பாடம் படித்தால் போர்டின் கணக்கில் 2.67. மொத்தக் கணக்கில் இப்படிக் கால் யூனிட், அரை யூனிட் குறைந்துபோய் இன்னொரு பருவம் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அனுபவத்தைப் பொறுத்தவரை கலிஃபோர்னியா தாராளம். வேறு மாநிலத்து சி.பி.ஏ.யின் மேற்பார்வையில் பார்த்த வேலையும் செல்லும், தனியார் கம்பெனி வேலையும் செல்லும். மேற்பார்வையாளரின் உரிமம் மட்டும் நடப்பில் இருந்திருக்க வேண்டும். ஆகவே அதே மேலாளரிடம் வாஷிங்டன் படிவத்தோடு கலிஃபோர்னியாவின் அனுபவச் சான்றுப் படிவத்தையும் சேர்த்தே கையெழுத்து வாங்கிவிடுங்கள். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வேண்டுமானால் தனியாக 500 மணி நேரத் தணிக்கை அனுபவம் தேவை. அது இல்லாமல் பொது உரிமம் வாங்கலாம். உங்கள் வேலைக்கு அதுவே போதும். இங்கே எதிக்ஸ் தேர்வும் வேறு. வாஷிங்டனுக்காக நீங்கள் எழுதுவதை இங்கே ஏற்கமாட்டார்கள், ‘பெத்’ (PETH) என்று இந்த மாநிலத்துக்கென்றே உள்ள தேர்வைத்தான் கேட்பார்கள். கைரேகையும் கொடுக்க வேண்டும்.

வாஷிங்டன் உரிமம் கிடைத்ததும் கலிஃபோர்னியாவில் பெயருக்குப் பின்னால் சி.பி.ஏ. போட்டு விசிட்டிங் கார்டு அடித்துவிடாதீர்கள். வெளிமாநில உரிமத்தோடு இங்கே தொழில் செய்யும் சலுகை, முதன்மை அலுவலகம் வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்குத்தான். நீங்கள் இங்கே குடிவந்து, இங்கேயே உத்தியோகம் பார்த்தால் அது பொருந்தாது. ரெஸ்யூமேயில் எந்த மாநில உரிமம் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

பிறகு அந்த உரிமத்தால் என்ன லாபம் என்பீர்கள். தேர்வு மட்டும் முடித்தவர் ஒவ்வொரு மாநிலத்திலும் புது விண்ணப்பதாரர். உரிமத்தோடு வருபவருக்குப் பல மாநிலங்களில் தனி வழி உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் 4 ஆண்டு தொழில் அனுபவம் காட்டினால், கல்லூரி யூனிட்டுகளை மறுபடி தோண்டாமல் உரிமம் தரும் ஏற்பாடு அது. கலிஃபோர்னியாவிலும் இதுபோன்ற வழி இருக்கிறது, ஆனால் உரிமத்தோடு வெளியே தொழில் பார்த்தவர்களுக்குத்தான். இன்றைக்கு அது உங்களுக்கு உதவாது. ஐ.டி. குடும்பத்துக்கு மாற்றல் சான்டா கிளாராவோடு முடிந்துவிடும் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்து டெக்ஸஸோ நார்த் கரோலினாவோ என்றால் உரிமத்தோடு போங்கள். பதிலுக்கு வாஷிங்டன் 3 ஆண்டுக்கு 120 மணி தொடர்கல்வி கேட்கும்.

காலேஜில் பணம் கட்டும் நாளன்று போர்டின் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். 150 யூனிட் விதியே ஆட்டம் கண்டிருக்கிறது. இளங்கலையோடு 2 ஆண்டு அனுபவம் போதும் என்ற மாற்று வழிக்கு ஓஹையோ ஜனவரி 2025-இலேயே சட்டம் இயற்றிவிட்டது, அது 2026 தொடக்கத்திலிருந்து அமல். மற்ற மாநிலங்களும் அதே பாதையில் நகர்கின்றன. மாதக்கணக்கில் படித்து முடித்த பாடம் தேவையே இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

கோவைக்கு ஃபோன் போட்டு டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். பல்கலைக்கழகம் சீல் வைத்த உறை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேராகப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் அப்பா, மகளின் மார்க் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா பார்ப்போமே என்று உறையைப் பிரித்துப் பார்த்து, பசை போட்டு ஒட்டி அனுப்பிவைத்தார். உறை திரும்பி வந்தது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி மூன்று மாதம். வீட்டில் சொல்லிவையுங்கள்.