மோதிரத்தை வெளுக்க வைத்த கிரீம்

கேள்வி: எனக்கு வயது 31. பழக்கமான அழகு நிலையத்தில் வாங்கிய இரவு கிரீமை ஏழு மாதங்களாகப் பூசுகிறேன். முகம் வெளுத்தது உண்மைதான். ஆனால் இரண்டு நாள் விட்டால் சிவந்து எரிகிறது. பூசும் விரலில் உள்ள தங்க மோதிரமும் வெளிறிவிட்டது. குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். பாரபென் என்ற, பொருள் கெடாமல் காக்கும் ரசாயனம் உள்ள ஷாம்பு, சோப்பையெல்லாம் மாற்ற வேண்டுமா?

பதில்: சகோதரி, ஷாம்பு கவலையை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் பாரபென் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த மோதிரம்தான். பாதரசம் பட்ட தங்கம் வெண்மை தட்டும் என்பது நகைப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுத்து முகத்தை வெளுக்க வைக்கும் அதே பாதரசம், தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவில் வளரும் குழந்தையையும் பாதிக்கக்கூடும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசியும் நோய் வந்தது 2023-இல் செய்தியானது.

நிறுத்தியதும் முகம் எரிவது, அதில் தோல் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி எதுவும் இல்லாமல் "ஸ்பெஷல் ஃபார்முலா", "ஹெர்பல்" என்று சொல்லி விற்கப்படும் டப்பாவை, விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. பாதரசம் சேர்ப்பதை 2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் தடுக்கின்றன. ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-இலேயே சொல்லியாகிவிட்டது. அப்படியிருந்தும் இரண்டும் கேட்டவுடன் கிடைக்கின்றன என்றால், சோதனை செய்ய வேண்டிய அதிகாரிகள் எந்தக் கடைக்குள் நுழைகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று கணக்கிட்டுத் தரப்படும் மருந்து அது. அரைகுறையாக நிறுத்திவிட்டு, தோல் வெடித்து நீர் வடியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வது வேறு, உங்களுக்குச் சொல்வது வேறு.

நீங்கள் இன்றே பூசுவதை நிறுத்துங்கள். டப்பாவை மூடி, பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எரிச்சலுக்கு அவர் மருந்து தருவார். சிறுநீரில் பாதரச அளவு, புரதம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பூசிய பாதரசம் துணியிலும் ஒட்டும் என்பதால், தலையணை உறையையும் துண்டையும் வீட்டாருடன் பகிர வேண்டாம். முடிவு வந்து மருத்துவர் சொல்லும்வரை கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள்.