வாசகர் கேள்வி: நிலா பிறந்ததை எப்படி வரைவது?

கேள்வி: நிலா உருவான கதையை டேப்லெட்டில் வரைகிறேன். நீலக் கடலும் பச்சை நிலமுமாகப் பூமி, அதன்மேல் இன்னொரு கோள் வந்து மோதுகிறது. நண்பன் பார்த்துவிட்டு "எல்லாம் தப்பு" என்கிறான். அப்படியா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: எல்லாமே தப்பில்லை தம்பி, ஆனால் அந்தப் பச்சையை அழித்துவிடுங்கள். மோதல் நடந்தது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தில் செடி முளைத்ததோ கடைசி 50 கோடி ஆண்டுகளுக்குள். ஆப்பிரிக்கா, இந்தியா என்று இன்றைய வரைபடத்தை அப்படியே ஒட்டிய படங்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, அவற்றைப் பார்த்து வரையாதீர்கள். மோதிய கோளுக்குத் தியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், செவ்வாய் அளவு இருந்திருக்கும் என்று கணக்கு. நேருக்கு நேர் முட்டாமல் சாய்வாக வந்து இடித்ததாகத்தான் பெரும்பாலான கணினி மாதிரிகள் காட்டுகின்றன, அப்படி வரைந்தால்தான் படத்திலும் ஒரு வேகம் வரும்.

என்னைக் கேட்டால் மோதலை விட்டுவிட்டு அதற்குப் பிறகான காட்சியை வரையலாம். பூமியின் மேல்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடல், அதைச் சுற்றிப் பாறை ஆவியும் சிதறலும், மேலே அந்தச் சிதறல் திரண்டு உருவான நிலா. இன்று 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நிலா அப்போது சில பத்தாயிரம் கிலோமீட்டரில் இருந்தது, அதனால் இன்றைய அகலத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வைக்கலாம், மிகை என்று யாரும் சொல்ல முடியாது. நிறமும் வெள்ளை வேண்டாம், அதுவும் உருகிக் கிடந்ததுதான், செந்தணலாகவே போடுங்கள். முக்கியமாக, வடை சுடும் பாட்டியை வரைந்துவிடாதீர்கள்! அந்தக் கருந்திட்டுகள் பிற்காலத்தில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள்.

கேள்வி: இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, இல்லை ஓவியர்களின் கற்பனையா?
(வாசகி, வள்ளியூர்)

பதில்: ஆதாரம் கல்லில் இருக்கிறது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள் கலந்திருக்கும் அளவு, பூமியோடு அச்சாகப் பொருந்தியது. நிலாவின் இரும்பு மையமும் மிகச் சிறியது, மோதலில் சிதறியது பெரும்பாலும் வெளிப்பக்கப் பாறைதான் என்றால் அப்படித்தான் இருக்கும். 1975-இல் ஹார்ட்மன், டேவிஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த மோதல் கருத்தை எழுதினார்கள், அந்த ஹார்ட்மன் தூரிகை பிடிக்கிற ஓவியரும்கூட என்பது உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்.

சிக்கல் இல்லாமல் இல்லை. பழைய மாதிரிகளில் நிலாவின் பெரும்பகுதி தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும், கல்லோ பூமியைப் போல இருக்கிறது. 2022-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழு இன்னும் நுணுக்கமாகக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சில மணி நேரத்திலேயே நிலா உருவாகிவிடவும், அதன் வெளிப்பகுதியில் பூமிப் பொருள் கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு தெரிந்தது. இன்னும் முடிவான தீர்ப்பு வரவில்லை.

நம்ம பக்கத்துத் தொடர்பும் உண்டு. சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினைச் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) சோதித்தது பணகுடிக்குப் பக்கத்து மகேந்திரகிரியில்தான். 2023-இல் அந்தச் சந்திரயானில் போய் நிலாவில் இறங்கிய பிரக்யான் ஊர்தி அனார்த்தோசைட் வகை மண்ணைக் கண்டது. பாலில் ஆடை மிதப்பது போல உருகிய பாறைக் கடலின் மேல் எடை குறைந்த கனிமங்கள் மிதந்து உறைந்தால் வருவது அந்தப் பாறை. நாமக்கல் சித்தம்பூண்டியிலும் அதே வகை இருப்பதால், இறங்கு கலத்தைச் சோதிக்க அங்கிருந்துதான் மண் எடுத்துப் போனார்கள்.

அப்புறம், பாளையங்கோட்டைத் தம்பிக்கு: முப்பரிமாணத்தில் செய்து பார்க்க ஆசை இருந்தால் பிளெண்டர் மென்பொருள் இலவசம்தான், கொஞ்சம் நல்ல கணினியாக வேண்டும்.