விசில் யார் கையில்?

கேள்வி: ஒரு போரின் உண்மையான நடத்துனர் யார்? அரசியல் தலைவரா, படைத்தளபதியா? இருவரில் யார் சொல்வதை யார் கேட்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த ‘நடத்துனர்’. அங்கே தந்நகரம் வர வேண்டும்: நடத்துநர். ஓட்டுநர், அனுப்புநர், பெறுநர், நடத்துநர். ‘உறுப்பினர் மட்டும் எப்படி?’ என்று உடனே கார்டு போடாதீர்கள். அது ‘உறுப்பு’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வருவது, வேறு குடும்பம். இந்தப் பக்கத்தில் இதை எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. எங்கள் பிழைதிருத்துபவர் ஒவ்வொரு தடவையும் ‘னர்’ என்று மாற்றுவார், நான் ‘நர்’ என்று திருப்பிப் போடுவேன். பல வருடப் போர், இன்னும் போர்நிறுத்தம் இல்லை. உங்கள் கேள்வியில் மட்டும் கை வைக்கவில்லை. சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது.

பிழையாக எழுதினாலும் நல்ல சொல்லைத்தான் பிடித்திருக்கிறீர்கள். பேருந்தில் ஸ்டியரிங் ஓட்டுநரிடம், விசில் நடத்துநரிடம். நடத்துநருக்கு கியர் போடத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஏறுகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எங்க இறங்கணும்?” போர் தொடங்கும் அரசியல் தலைவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான். ஓட்டுநர் தூங்கிவிட்டால் முதுகில் தட்டுவதும் அவர் வேலையே.

அப்படித் தட்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் லிங்கன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1861 நவம்பரில் ஓர் இரவு, வெளியுறவு அமைச்சரையும் தன் செயலாளரையும் கூட்டிக்கொண்டு தளபதி மெக்லெல்லனின் வீட்டுக்குப் போகிறார். தளபதி ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஜனாதிபதி காத்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வந்த மெக்லெல்லன், யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், அந்த அறையைத் தாண்டி மாடிக்குப் போகிறார். இன்னும் அரை மணி நேரம் போகிறது. ஆள் அனுப்பிக் கேட்டால், ‘ஐயா படுத்துவிட்டார்’ என்று பதில் வருகிறது. செயலாளருக்கு ரத்தம் கொதிக்கிறது. லிங்கனோ, மரியாதை பார்க்கிற நேரமா இது என்கிறார். வெற்றி வாங்கித் தந்தால் மெக்லெல்லனின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தயார் என்று அவர் சொன்னதாகவும் சொல்வார்கள்.

பிரச்சினையே அந்தக் குதிரைதான். 1862 செப்டம்பரில் ஆன்டீட்டம் சண்டை முடிந்தது. பின்வாங்கும் எதிரியை விரட்டுங்கள் என்று வாஷிங்டனிலிருந்து தந்திக்கு மேல் தந்தி. ஒரு மாதம் கழித்து மெக்லெல்லனிடமிருந்து தகவல்: குதிரைகளுக்கு நாக்கில் புண், மிகவும் களைத்திருக்கின்றன. லிங்கன் திருப்பித் தந்தி அடித்தார்: கேட்பதற்கு மன்னிக்கவும், ஆன்டீட்டத்துக்குப் பிறகு களைத்துப்போகும்படி உங்கள் குதிரைகள் என்ன செய்தன? அடுத்த மாதமே தளபதியின் பதவி போனது. மனிதர் சும்மா இருக்கவில்லை. 1864 தேர்தலில் லிங்கனையே எதிர்த்து நின்றார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதற்கு முன்பே வந்துவிட்ட பழமொழி. இல்லாவிட்டால் இவருக்காக உண்டாக்கியிருப்பார்கள்.

அதன்பிறகும் தளபதிகளை மாற்றிக்கொண்டே இருந்த லிங்கன், 1864இல் கிராண்ட் என்ற தளபதி கிடைத்ததும் என்ன எழுதினார் தெரியுமா? உங்கள் திட்டத்தின் நுணுக்கங்கள் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. சரியான ஆள் கிடைக்கும்வரை நச்சரிப்பு, கிடைத்தபின் வாயை மூடிக்கொள்வது. இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதுதான் அதிசயம்.

நேரு இதில் தோற்றார். நேருவைத் திட்டினால் ஒரு கூட்டம் கைதட்டும், ஒரு கூட்டம் சந்தாவை நிறுத்தும் என்று தெரியும். எழுதித்தான் ஆக வேண்டும். 1962 அக்டோபரில் சீன எல்லையில் புதிதாக அமைத்த படைப்பிரிவுக்குத் தளபதியாக அனுப்பப்பட்டவர் பி.எம். கவுல். நேருவுக்கும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் நெருக்கமானவர், போர்க்களத்தில் படை நடத்தி அனுபவமில்லாதவர். நாம்கா சூ ஆற்றங்கரையில் பருத்திச் சீருடையோடு சிப்பாய்கள் குளிரில் நிற்க, 12ஆம் தேதி கொழும்புக்குக் கிளம்பிய நேரு, நம் மண்ணிலிருந்து சீனர்களை அகற்றும்படி உத்தரவு போட்டிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். கவுல் நோய்வாய்ப்பட்டு டெல்லிக்கு வந்து, படுத்த படுக்கையிலிருந்தே உத்தரவுகளை அனுப்பினார். 20ஆம் தேதி விடிகாலையில் சீனத் தாக்குதல். ஆற்றங்கரைப் படையணி சில மணி நேரத்தில் சிதறியது. முடியாது என்று சொல்லக்கூடியவர்களை ஒவ்வொருவராக ஓரங்கட்டிவிட்டால், கடைசியில் முடியும் என்பவர் மட்டும்தான் அறையில் இருப்பார்.

முடியாது என்று சொன்னவர் என்றதும் எல்லோரும் அன்றைய ராணுவத் தளபதி மானெக்‌ஷா கதையை அனுப்புகிறீர்கள். 1971 ஏப்ரலில் இந்திரா காந்தி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே போ என்றாராம், இவர் மழைக்காலம், பனி, டாங்கிகள் என்று காரணம் அடுக்கி அவகாசம் வாங்கினாராம். கதை பிரமாதம். ஆனால் நமக்கு அதைச் சொன்னவரும் மானெக்‌ஷாதான். இந்திரா அப்போதே பாயத் துடித்தார் என்பதை ஏற்காத வரலாற்றாசிரியர்கள் உண்டு. வாட்ஸ்ஆப்பில் அது ஒவ்வொரு டிசம்பரிலும் புது வசனத்தோடு வருகிறது. போகிற போக்கில் மழையை நிறுத்தியதே அவர்தான் என்பார்கள்.

வசனத்தை விட்டுவிட்டு அந்த எட்டு மாதங்களைப் பாருங்கள். வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினிக்குப் பயிற்சி, ஆகஸ்டில் சோவியத் ஒப்பந்தம், அக்டோபர் - நவம்பரில் மேற்கு நாடுகளில் இந்திராவின் பயணம். போர் டிசம்பர் 3இல் தொடங்கி, 16ஆம் தேதி டாக்காவில் சரணடைதலோடு முடிகிறது. 93,000 கைதிகள். வெற்றி மயக்கத்தில் மேற்கு முனையிலும் ஒரு கை பார்ப்போம் என்று தோன்றக்கூடிய நேரம். மறுநாள் இரவு முதல் அங்கே சண்டையை நிறுத்துவதாக இந்திரா தானாக அறிவித்தார். ஒரு விசில்.

1987இல் அந்த விசில் இல்லை. ஜூலை ஒப்பந்தப்படி அமைதி காக்க இலங்கைக்குப் போன படை, அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. எங்கே இறங்குவது என்று கடைசிவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஏறக்குறைய 1,200 சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். இறந்த ஊர்மக்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

விசிலை மறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர் வியட்நாம் போர்க்கால அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன். வெள்ளை மாளிகையில் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வட வியட்நாமில் எந்தப் பாலத்தில் குண்டு போடலாம், எதில் கூடாது என்று தேர்ந்தெடுப்பார்கள். முதல் சில ஆண்டுகள் அந்த மேசையில் ராணுவத் தளபதிகளுக்கு நிரந்தர நாற்காலிகூடக் கிடையாது. பாலம் பாலமாகத் தெரிந்தவருக்கு ஊர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதே போரில் மேலிடம் கேட்டது பிணக் கணக்கு. இந்த வாரம் எத்தனை எதிரிகள் செத்தார்கள்? கேட்டால் கீழே இருப்பவன் என்ன செய்வான்? கிடந்த உடல்களையெல்லாம் எதிரி என்று எழுதினான். 1968 மார்ச்சில் மை லாய் கிராமத்தில் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற பிறகு போன அறிக்கையிலும் அவர்கள் ‘எதிரிகள்’தான். ‘நடத்துவது’ என்ற நம் சொல்லுக்கு, ஒருவரை எப்படி நடத்துகிறோம் என்ற பொருளும் இருப்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

யார் சொல்வதை யார் கேட்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முடிவு அரசியல் தலைவருடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஓட்டுப் போட்டு இறக்கக்கூடியவர் அவர்தான். ஆனால் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். சர்ச்சிலின் ராணுவத் தலைவர் ஆலன் புரூக், நள்ளிரவைத் தாண்டி நீளும் கூட்டங்களில் சர்ச்சிலின் புதுப்புது யோசனைகளுக்கெல்லாம் ‘ஒத்துக்கொள்ள மாட்டேன்’ என்பார். வீட்டுக்குப் போய் டைரியில் அவரைத் திட்டித் தீர்ப்பார். இப்படி ஒரு ஓட்டுநர், அப்படி ஒரு நடத்துனர், ஐரோப்பாவில் போர் முடியும்வரை ஒரே வண்டியில் போனார்கள். சர்ச்சில் கத்தினார், கெஞ்சினார், வேலையை விட்டு மட்டும் அனுப்பவில்லை.

நானும் எங்கள் பிழைதிருத்துபவரை அனுப்பவில்லை. இந்தப் பதிலையும் அவர்தான் கடைசியாகப் பார்த்து அச்சுக்குக் கொடுப்பார். மேலே எங்காவது ஒரு இடத்தில் ‘னர்’ தட்டுப்பட்டால் எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு எழுதுங்கள்.