வழிகாட்டிக்கு எதைக் கற்றுத்தருவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வரலாற்றில் முதுகலை முடித்தபின் சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சி ஒன்றையும் அண்மையில் நிறைவு செய்தேன். பல்லவ மன்னர்களின் வரிசை, ஆட்சியாண்டுகள், முதலுதவி, பயணிகளிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைச் சொல்லித்தந்தார்கள். இப்போது மாமல்லபுரத்தில் குழுக்களை அழைத்துச் செல்கிறேன். அர்ச்சுனன் தபசின் முன் நின்று படித்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினால், சிறிது நேரத்திலேயே பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இன்னொரு வழிகாட்டி ஆதாரமில்லாத கதைகளைச் சொல்கிறார். அவருடைய கூட்டம் அசையாமல் கேட்கிறது. நானும் அப்படிச் சொல்லத்தான் வேண்டுமா? இத்தொழிலுக்கு உண்மையில் தேவைப்படும் பயிற்சி எது?

ர., செங்கல்பட்டு

அன்புள்ள ர.,

வேண்டியதில்லை. ஆனால் ஆட்சியாண்டுகளை ஒப்பிப்பதும் அதற்கு மாற்று அல்ல. பயணி தன் கண்ணால் தானே பார்க்கும்படி செய்வதுதான் வழிகாட்டியின் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுக்குக் கிடைத்த பயிற்சியில் அதற்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் நிற்கும் பாறையையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பிளவு, அதில் நாகர்கள். இடப்புறம் மேலே ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திய தவசி, அவருக்கு அருகில் வரம் தரும் கையுடன் சிவன். தவசியை அர்ச்சுனன் என்று கொள்பவர்கள் பாசுபதம் பெற்ற கதையைச் சான்றாகக் காட்டுகிறார்கள். பகீரதன் என்று கொள்பவர்களோ பிளவையும் நாகர்களையும் பாறையின் உச்சியில் நீரைத் தேக்கிவைத்ததற்கான அமைப்பையும் சுட்டி, இது கங்கை இறங்கும் காட்சி என்கிறார்கள். இரு பொருளும் ஒருங்கே தோன்றும்படி வேண்டுமென்றே வடித்திருக்கிறார்கள் என்று வாதிடும் பத்மா கைமல் போன்ற கலை வரலாற்றாளர்களும் உண்டு. பெரும்பாலான பயிற்சிகள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விடையாகக் கையில் கொடுத்துவிடுகின்றன. விடையைக் கேட்டுக்கொண்டவர் அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிடுகிறார். இத்தனை தேவரும் கந்தருவரும் விலங்குகளும் எதை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பிளவை நோக்கி என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன்பின் இரண்டு கதைகளையும் சொல்லி, எது பொருந்துகிறது என்று அவர்களிடமே விட்டுவிடுங்கள். குழந்தைகளிடம், வலப்பக்கத்து யானையின் அருகே கைகளை உயர்த்தி நிற்கும் பூனையைத் தேடச் சொல்லுங்கள். அதே கோலத்தில் மேலே ஒரு தவசி நிற்கிறார் என்பதை ஏதோ ஒரு குழந்தை சொல்லிவிடும். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பதற்கும் பயிற்சி தேவை.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இது ஒரு நூற்றாண்டாகப் பேசப்பட்டுவரும் செய்தி. 1920இல் யோசமிட்டியில் ஹெரால்ட் பிரையன்ட், லாய் மில்லர் என்னும் இயற்கையாளர்கள் இருவர், வந்தவர்களை இலவசமாகக் காட்டுக்குள் அழைத்துச்சென்று பறவைகளையும் மரங்களையும் காட்டத் தொடங்கினார்கள். 1925இல் பிரையன்ட் அங்கேயே ஒரு கோடைக்காலக் களப்பள்ளியை நிறுவினார். அங்கே வகுப்பறை பின்னுக்குப் போய், மாணவர்கள் பெரும்பாலும் காட்டிலும் மலையிலும் நின்றே கற்றார்கள். பின்னாளில், 1957இல், இத்தொழிலுக்கு முதன்முறையாகத் தெளிவான கோட்பாடுகளை எழுதித்தந்தவர் ஃப்ரீமன் டில்டன். அவர் அறிவியலாளர் அல்லர், எழுத்தாளர். தகவல் மட்டுமே விளக்கம் ஆகிவிடாது என்றும், கேட்பவருடைய வாழ்வோடு எங்கும் தொடாத விளக்கம் பயனற்றது என்றும், குழந்தைகளுக்குரியது பெரியவர்களுக்குச் சொல்வதன் நீர்த்த வடிவமாக இல்லாமல் அடிப்படையிலேயே வேறு முறையாக இருக்க வேண்டும் என்றும் அவர் வகுத்தார். நம்முடைய பாடத்திட்டங்களில் இந்த மூன்றாவது செய்திக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கினால் எவ்வளவோ நன்மை விளையும். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து அந்த இன்னொரு வழிகாட்டியைப் பற்றி. கதை சொல்வதில் தவறில்லை; கதையை வரலாறாகச் சொல்வதுதான் தவறு. சான்று உள்ளது, அறிஞர்கள் வாதிடுவது, ஊரார் சொல்வது என்னும் மூன்றையும் கலக்காமல், ஒவ்வொன்றையும் இன்னது என்று அறிவித்துச் சொல்லும் பழக்கத்தைப் பயிற்சி தரவேண்டும். ஐந்து ரதங்களில் இது எளிது. தர்மராஜ ரதத்தில் அத்யந்தகாமப் பல்லவேசுவரம் என்னும் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது, அது சான்று. இவற்றை முதலாம் நரசிம்மவர்மனுக்கு உரியவையாகச் சொல்வது வழக்கம். மாமல்லபுரத்தில் உள்ளவை எல்லாமே அவனுக்குப் பின்வந்த இராசசிம்மன் (இரண்டாம் நரசிம்மவர்மன்) காலத்தவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார், அது விவாதம். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் இட்டவை. மூன்றையும் கேட்கும் பயணி குழம்பிப்போவார் என்று அஞ்சவேண்டாம், தன்னை மதித்துப் பேசுகிறார்கள் என்றே உணர்வார். நேரமிருந்தால் பலரும் தவிர்க்கும் பிடாரி ரதத்துக்கும் வலையன்குட்டை ரதத்துக்கும் அழைத்துச்செல்லுங்கள். முற்றுப்பெறாத அவற்றில்தான், மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த சிற்பிகளின் வேலைமுறை தெரிகிறது.

இயற்கை வழிகாட்டிகளுக்கும் இதே பாடந்தான். உங்கள் மாவட்டத்து வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையின் பெயரைச் சொல்வதற்குமுன், தொலைநோக்கியைக் கையில் கொடுத்து அதன் அலகுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்லவேண்டும். அங்கிருந்து நத்தைக்கும், நத்தையிலிருந்து வயலுக்கும், எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்து பறவைகளைக் காத்த ஊராருக்கும், 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுதிக்கொடுத்த பாதுகாப்பு உரிமைக்கும் பேச்சு தானாகவே போய்ச் சேரும். இதைச் சொல்லத் தகுதியானவர் அந்த ஊர்க்காரரே. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், ஒருகாலத்தில் வயணப் பட்டை என்னும் காட்டு இலவங்கப்பட்டையை உரிக்கக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போனவர்களையே 1990களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். காட்டை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே வாயில் திறக்கும் பயிற்சிகள் இத்தகையவர்களை இழந்துவிடுகின்றன. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

நல்ல பயிற்சியின் பெரும்பகுதி களத்தில்தான் நடக்கவேண்டும். தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் அதன்மேல் விழும்போது சிற்பங்கள் துலங்கும், பார்ப்பவர் கண்ணும் கூசாது. எங்கே நின்றால் குழுவுக்கும் சிற்பத்துக்கும் நடுவில் மறைக்காமல் இருப்போம், எப்போது பேச்சை நிறுத்தவேண்டும் என்பவையெல்லாம் அனுபவமுள்ள ஒருவர் கூடவே வந்து பார்த்துத் திருத்தினால்தான் படியும். அந்தத் திருத்தம் ஆண்டுதோறும் தொடரவேண்டும். கூடவே ஊதியமும் பேசப்படவேண்டும். கடைக்காரர் தரும் கமிஷனை நம்பிப் பிழைக்க நேரும் வழிகாட்டி, பாறையின் முன் செலவிடவேண்டிய நேரத்தைக் கடைவாசலில் செலவிடுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களால் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம்பிக்கைக்குரிய சக வழிகாட்டி ஒருவரைக் குழுவின் பின்வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கவனிக்காமல், பயணிகளின் கண்கள் எப்போது பாறையிலிருந்து விலகுகின்றன என்பதை மட்டும் அவர் குறிக்கட்டும். அந்த இடங்களில் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைக் குறைத்து, அங்கே ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள். அவருக்கும் நீங்கள் இதையே செய்துகொடுங்கள். என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். மற்ற வழிகாட்டிகளும் படிக்கும்படி இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்