கஃபே வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் யாரு?

கேள்வி: மேடம், எம் பொண்ணு அரசியல் அறிவியல் முடிச்சுட்டு வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் பண்ணப் போறா. தேசப் பாதுகாப்பு கோர்ஸ்ல பாலினமும் தீவிரவாதமும்னு ஒரு பேப்பர் எடுக்கறாளாம். பாதுகாப்புன்னா ராணுவம், உளவுத்துறை, பார்டர். இதுல பாலினத்துக்கு என்ன வேலை? ஃபேஷனுக்கு வச்ச பாடமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஃபேஷன் இல்லம்மா. 2014 டிசம்பர் 15 காலைல, சிட்னி மார்ட்டின் பிளேஸ்ல இருக்கற லின்ட் கஃபேக்குள்ள மான் ஹரோன் மோனிஸ்னு ஒருத்தன் துப்பாக்கியோட போய் 18 பேரைப் புடிச்சு வச்சான், மறுநாள் விடிகாலைல ரெண்டு மணிக்கு மேல போலீஸ் உள்ள பூந்து எல்லாம் முடியறப்ப பிணைக்கைதிங்கள்ல 2 பேரும் அவனும் செத்துட்டாங்க.

இவன் யாருன்னு பாருங்க. முன்னாள் மனைவியோட கொலைக்கு உடந்தைன்னு கேஸ் இருக்கு, ஜாமீன்ல வெளிய சுத்தறான். ஆன்மிக வைத்தியம் பண்றேன்னு சொல்லி, நம்பி வந்த பெண்கள்கிட்ட தப்பா நடந்ததுக்கு 40க்கும் மேல பாலியல் குற்றச்சாட்டு, அதுலயும் ஜாமீன். சம்பவத்துக்கு சில நாள் முன்னாடி அவனோட ஃபேஸ்புக் பதிவைப் பார்த்து பயந்துபோய் பாதுகாப்பு ஹாட்லைனுக்கு 18 போன் வந்திருக்கு. பதிவைப் படிச்சுப் பார்த்த அதிகாரிங்க உடனடி ஆபத்து ஒண்ணும் தெரியலன்னு முடிவு பண்ணிட்டாங்க. பெண்களுக்கு அவன் செஞ்சது கிரிமினல் கோர்ட் ஃபைல்ல கிடக்குது, தீவிரவாதம் வேற டேபிள். இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பார்க்கணும்னு சொல்றதுதாங்க உங்க பொண்ணு எடுக்கற பேப்பர்.

இதுக்கும் முன்னாடியே, 1989ல கனடாவுல மான்ட்ரியல் இன்ஜினியரிங் காலேஜ்ல ஒருத்தன் க்ளாஸ்ல ஆம்பளைப் பசங்களை வெளிய அனுப்பிட்டு பொண்ணுங்களை சுட்டான், அன்னிக்கு மொத்தம் 14 பெண்கள் செத்தாங்க. அதைப் பைத்தியக்காரன் வேலைன்னு தள்ளிவிட்டவங்க நிறைய. ஆஸ்திரேலியாவோட மொனாஷ் யுனிவர்சிட்டி ஆளுங்க இந்தோனேசியா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ்ல ஆய்வு பண்ணப்போ, பெண்களை அடிக்கறது சரிதான்னு நினைக்கறவங்கதான் தீவிரவாதத்தையும் அதிகமா ஆதரிக்கறாங்கன்னு வந்துச்சு, மதப்பற்று, படிப்பு, வயசு இதெல்லாம் அந்த அளவுக்கு ஒத்துப்போகல. அதுக்காக பொண்டாட்டிய அடிக்கற எல்லாரும் குண்டு வைப்பாங்கன்னு அர்த்தமில்ல, அப்படிப் படிச்சா தப்பு. ஆனா வீட்டுக்குள்ள நடக்கற அடியை "குடும்ப விஷயம்"னு ஒதுக்கறது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு புரியும்.

கேள்வி: தீவிரவாதத்துல சேர்ற பெண்கள் எல்லாம் ஏமாந்து போனவங்கதானே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: நம்ம ஊர்ல இருந்துட்டு இப்படிக் கேக்கறீங்களே. 1991ல ஸ்ரீபெரும்புதூர்ல மாலையோட வந்தது ஒரு பெண். 2019 ஈஸ்டர் அன்னிக்கு கொழும்பு தெமட்டகொடவுல போலீஸ் வீட்டுக்குள்ள வந்ததும் குண்டை வெடிக்க வச்சது, அன்னிக்கு சர்ச்லயும் ஹோட்டல்லயும் குண்டு வெடிச்ச தற்கொலைதாரிகள்ல ஒருத்தனோட மனைவி, கர்ப்பிணி, அவ குழந்தைகளும் 3 போலீஸ்காரங்களும் அதுல போயிட்டாங்க. பாவம் அறியாதவன்னு எல்லாரையும் சொல்ல முடியாது.

அதே நேரம் இன்னொரு பக்கமும் இருக்கு. லண்டன் பெத்னல் கிரீன்லேர்ந்து 2015ல ஷமீமா பேகம்ங்கற பொண்ணு ஐ.எஸ். தீவிரவாத அமைப்புல சேர சிரியா போனப்ப வயசு 15, கூட ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க. 2019ல பிரிட்டன் அவளோட குடியுரிமையைப் பறிச்சுது. 2023ல தீர்ப்பாயம் என்ன சொல்லுச்சுன்னா, பாலியல் சுரண்டலுக்காக அவ கடத்தப்பட்டிருக்கலாம்னு சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கு, ஆனாலும் பறிச்சது செல்லும். படிக்கறப்பவே மனசு என்னவோ பண்ணுது எனக்கு. ஒரே ஆளு பாதிக்கப்பட்டவளாவும் பொறுப்பாளியாவும் இருக்க முடியும், அதைப் பிடிவாதமா சொல்லித் தரணும்.

கேள்வி: இந்த மாதிரி ஆராய்ச்சி பண்ணா போலீஸ் தொல்லை வருமா மேடம்?
- ஒரு மாணவி, கோவை

பதில்: வந்திருக்கு. 2008ல இங்கிலாந்து நாட்டிங்காம்ல ஒரு மாஸ்டர்ஸ் மாணவர் அமெரிக்க அரசாங்க வெப்சைட்லேர்ந்தே அல்கொய்தா கையேட்டை இறக்கி வச்சதுக்கு தீவிரவாத சட்டத்துல கைது, 6 நாள் காவல், கேஸே போடாம விட்டாங்க, 2011ல போலீஸ் 20,000 பவுண்டு இழப்பீடு குடுத்துச்சு. அதனால இறக்கறதுக்கு முன்னாடியே கைடுகிட்டயும் எத்திக்ஸ் கமிட்டிகிட்டயும் எழுத்துல அனுமதி வாங்குங்க, மெட்டீரியலை சொந்த போன்ல வைக்காதீங்க, வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணவே கூடாது.

தீவிரவாதத்துல சேர்ந்த பசங்களோட அம்மாக்களைப் பேட்டி எடுக்கப் போனீங்கன்னா இன்னும் கவனம். 2015ல ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 2242 வந்தப்புறம் பெண்களைத் தீவிரவாதத் தடுப்புல சேர்க்கணும்னு நிறைய அரசாங்கம் பேசுது, நல்லதுதான், ஆனா சில இடத்துல அது பெத்த புள்ளையை வேவு பாக்க வைக்கறதுல போய் நிக்குது. அப்புறம் அந்த அம்மாவை ஊர் என்ன பண்ணும்? அவங்க பேரு, தெரு, புள்ளை படிச்ச ஸ்கூல் எதுவும் உங்க நோட்ல இருக்கவே வேணாம்.