பூசணி பான்கேக் ஏன் பிய்கிறது? சர்க்கரை ஏன் ஏறுகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.1. காலை உணவுக்கு முன் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் மகள், தானியமே சேர்க்காத அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) பான்கேக் குறிப்பு ஒன்றை அனுப்பினாள். அதற்காக வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு ‘கீட்டோ பான்கேக் மிக்ஸ்’ (மாவுச்சத்து மிகக் குறைவு என்று சொல்லி விற்கும் மாவு) வாங்கினேன். தோசைக்கல்லில் பிய்ந்து போகிறது. அதைவிட, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 214 காட்டுகிறது. அரசாணிக்காயின் இனிப்புதான் காரணமா? வெள்ளிக்கிழமை முட்டை சேர்ப்பதில்லை, அன்று என்ன செய்வது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அரசாணிக்காய் மேல் பழி போடாதீர்கள். 100 கிராம் மஞ்சள் பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். மாவுச்சத்து 6 முதல் 7 கிராம். நாக்குக்கு இனிப்பாக இருப்பதால் பலர் பயப்படுகிறார்கள். காலை உணவில் ஒருவருக்கு 100 கிராம் போனால் சர்க்கரை அப்படி எகிறாது.

எகிற வைத்தது அந்த மிக்ஸ். நீங்கள் அனுப்பிய பாக்கெட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் பாதாம் படம், ‘தானியம் இல்லாதது’, ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று பச்சை எழுத்து. பின்பக்கம் மடிப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் பாதாம் மாவு, டேப்பியோகா ஸ்டார்ச், ஆரோரூட் மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின். அதற்கும் கீழே 100 கிராமுக்கு மாவுச்சத்து 58 கிராம்.

டேப்பியோகா ஸ்டார்ச் என்பது மரவள்ளிக்கிழங்கு மாவு. சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்வதும் இதே மாவிலிருந்துதான். ஆரோரூட் கூவைக்கிழங்கு மாவு. இரண்டும் தானியம் இல்லை, உண்மை. ஆனால் இரண்டுமே ஏறக்குறைய முழுக்க முழுக்க மாவுச்சத்து, அரிசியைவிடவும் அதிகம். மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து எடுப்பது. சர்க்கரை என்று கணக்கில் வராது, ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும். உங்கள் கணவர் ஒரு வேளைக்கு 60 கிராம் மிக்ஸ் சாப்பிட்டிருந்தால் 35 கிராம் மாவுச்சத்து உள்ளே போயிருக்கிறது. அது ஒரு கிண்ணம் சோறு. பான்கேக் என்ற பெயரில் சோறுதான் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் சோற்றைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து.

தானியம் இல்லாதது வேறு, மாவுச்சத்து குறைந்தது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் இன்று வியாபாரம் நடக்கிறது. கடலை மாவுகூடத் தானியம் இல்லைதான், ஆனாலும் 100 கிராமில் 50 கிராமை ஒட்டி மாவுச்சத்து உண்டு. ராகியும் தினையும் சிறுதானியம் என்ற பெயரால் தப்பித்துக்கொள்கின்றன, அவற்றில் 60 கிராமுக்கு மேல்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகள் ‘சர்க்கரை குறைந்தது’ என்றால் 100 கிராமுக்கு 5 கிராமுக்குள் என்று அளவு சொல்கின்றன. ‘மாவுச்சத்து குறைந்தது’ என்பதற்கு அப்படி ஒரு அளவு அதில் இல்லை. நார்ச்சத்து எவ்வளவு என்பதும் பாக்கெட்டில் கட்டாயம் போட வேண்டிய பட்டியலில் இல்லை. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொல்லிவிட்டது. அந்த 10 கோடிப் பேரும் முதலில் பார்க்க வேண்டிய எண்ணுக்கு ஒரு வரையறை வைக்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? மருத்துவமனை ஓபியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) கிடைக்கும் சில நிமிடத்தில் “அரிசியைக் குறைங்க, சப்பாத்தி சாப்பிடுங்க” என்று ஒரு வரி சொல்லி அனுப்புகிறார்கள். கோதுமையிலும் மாவுச்சத்துதான் என்று சொல்ல ஆளில்லை. அந்த இடத்தில்தான் ‘ஹெல்த் கோச்’ நுழைகிறார். குழுவில் சேர்க்கிறார், டயட் சார்ட் தருகிறார், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறார். கையில் லேபிளைக் கொடுத்து “இதில் மாவுச்சத்து எவ்வளவு?” என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

சரி, பிய்ந்து போவதற்கு வருவோம். மகள் அனுப்பிய குறிப்பு டப்பா பூசணிக் கூழை வைத்து எழுதியது. அங்கே கிடைக்கும் கூழ் அல்வாப் பதத்துக்குக் கெட்டியாக இருக்கும். நாம் காயைத் தண்ணீரில் வேகவைத்து மசித்தால் நீர் கோர்த்துக்கொண்டு நிற்கும், கூழின் அளவு சரியாக இருந்தாலும் மாவு நீர்த்துவிடும். (இறக்குமதிக் கடையில் டப்பா தேடவும் வேண்டாம். ‘பம்ப்கின் பை ஃபில்லிங்’ என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அது சர்க்கரை கலந்தது. படம் இரண்டிலும் ஒன்றுதான்.)

தோல் சீவிய பூசணி 200 கிராமை எடை போட்டு எடுங்கள். பச்சையாக இருக்கும்போதே எடை போட வேண்டும், வற்றிய பிறகு போட்டால் கணக்கு தப்பும். இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள், தண்ணீரில் போடாதீர்கள். மசித்து, அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் ஆவி பறக்கும், ஓரத்தில் நீர் குமிழியிடும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். அளவு பாதியாக வற்றியிருக்கும். நன்றாக ஆறட்டும், சூட்டில் முட்டை சேர்த்தால் திரிந்துவிடும்.

பாதாம் மாவைப் பொடியாக வாங்காதீர்கள். உதிரியாக விற்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முழுப் பாதாம் 50 கிராம் வாங்கி, ஃப்ரீசரில் அரைமணி வைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும். ரவைச் சல்லடையில் சலித்தால் போதும், தோலை எடுக்க வேண்டியதில்லை. தேங்காய் மாவைப் பாதாமுக்குச் சமமாகப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், பான்கேக் மரத்தூள் மாதிரி உதிரும்.

ஆறிய பூசணி, பாதாம் பொடி, 2 முட்டை, ஒரு டீஸ்பூன் இசப்கோல் (மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் விற்கும் நார் உமி), சிட்டிகை உப்பு, சிட்டிகை சமையல் சோடா, சில துளி எலுமிச்சைச் சாறு, ஏலக்காயோ சுக்கோ. கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள், இசப்கோல் ஊறி மாவைப் பிடித்துக்கொள்ளும். இங்கே கோதுமையின் பசைத்தன்மையும் இல்லை, புளிப்பும் இல்லை. முட்டை வெந்து இறுகுவதுதான் முக்கியப் பிடிமானம், அதனால் அவசரப்பட்டால் பிய்யும். கல்லைச் சிறு தீயில் வைத்து, நெய் தடவி, உள்ளங்கை அகலத்துக்கு ஆறு சிறு வட்டங்களாக ஊற்றி மூடி போடுங்கள். மேல்பக்கம் பளபளப்பு போய், ஓரம் தானாகக் கல்லை விட்டால்தான் திருப்ப வேண்டும். பெரிய தோசையாக ஊற்றினால் திருப்பும்போது நிச்சயம் கிழியும்.

மொத்தத்துக்கும் நார்ச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மாவுச்சத்து சுமார் 18 கிராம். ஆளுக்கு மூன்று என்றால் 9 கிராம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் மேலே வேண்டாம், மூன்றும் சர்க்கரைதான். சர்க்கரைக்குப் பதிலான இனிப்புப் பொட்டலம் போடுவதானால் அதிலும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கிறதா பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். உங்கள் கணவரின் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. அது அவர் என்ன சாப்பிட்டார் என்று பார்த்து வேலை செய்வதில்லை. கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும், தட்டில் மாவுச்சத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதுவரை அந்த மிக்ஸில் மாவு இருந்ததால் சர்க்கரை ஏறியது, மாத்திரை இறக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் சரியாகச் செய்யும் முதல் நாள்தான் ஆபத்தான நாள். உள்ளே 9 கிராம்தான் போகும், மாத்திரை பழைய அளவிலேயே இருக்கும். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறலாம். ஏதோ அசதி என்று படுக்கவிடாதீர்கள். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அப்போது பான்கேக்கோ சாக்லேட்டோ கொடுக்காதீர்கள், கொழுப்பு இருந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

அதனால் முதலில் மருத்துவரிடம் போய், “காலையில் மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறோம், இந்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும்வரை 2 பான்கேக்கோடு 2 இட்லியும் கொடுங்கள். குழுவில் “மாத்திரையை விட்டுடுங்க” என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. சாப்பிடுவதற்கு முன்பும் 2 மணி நேரம் கழித்தும் ஒரு வாரம் எழுதி வைத்து அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு: ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கால்மணி ஊறவையுங்கள், கொழகொழவென்று வரும். பூசணியை இன்னும் கொஞ்சம் வற்றவிட்டு, இசப்கோலை இரண்டு டீஸ்பூன் ஆக்குங்கள். இதை ஊற்ற முடியாது. நெய் தடவிய வாழை இலையில் அடை போலத் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்தெடுங்கள். மெத்தென்று உப்பி வராது, ஆனால் பிய்யாது.